நைட் ஷிப்ட் வாரத்துல பார்ல தொங்கலாமா? - வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கடிதங்கள்ல நாலு, ஜிம் இல்லாம உடம்போட எடைய மட்டும் வச்சு பலம் ஏத்துறத பத்தி வந்துருக்கு. மொதல் கடிதம் நான் ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டு இருந்த விஷயம், அதனால அதுக்கு எடம் கூடவே எடுத்துக்கிறேன், மத்த மூணு பேரும் கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வணக்கம் மாஸ்டர். எனக்கு 27 வயசு, 68 கிலோ. சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு ஃபேக்டரியில வேலை. மூணு ஷிப்ட், வாரத்துக்கு ஒண்ணா மாறும், ஒரு வாரம் காலைல 7 மணி, அடுத்த வாரம் மத்தியானம் 3 மணி, அதுக்கடுத்து ராத்திரி 11 மணி. எங்க தாமான்ல (குடியிருப்புல) பிள்ளைங்க விளையாடுற எடத்துல ஒரு இரும்புக் கம்பி இருக்கு, அதுல எட்டு மாசமா புல் அப், வீட்டுல தண்டால், பஸ்கி. ஆரம்பத்துல ரெண்டு புல் அப்தான் வந்துச்சு, நாலாவது மாசம் எட்டு வந்துச்சு, அதோட நின்னுபோச்சு, நாலு மாசமா அதே எட்டு. தினமும் மூணு செட், கை விட்டுப்போற வரைக்கும், 8, 6, 4. கூட்டாளி ஒருத்தன் லீனியர் பண்ணுங்கறான், இன்னொருத்தன் அண்டுலேட்டிங்தான் பெஸ்டுங்கறான், யூடியூப்ல ஒருத்தர் பிளாக் பிளாக்கா பிரிங்கறாரு. எது சரி? நைட் ஷிப்ட் வாரத்துல வேற ரெண்டு புல் அப் கொறஞ்சுடுது, அத ஏத்துறதுக்கே அடுத்த வாரம் போயிடுது.
ஷிப்ட்காரன், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நைட் ஷிப்ட் வாரத்துல ரெண்டு கொறயுதுன்னு கடைசியில போற போக்குல எழுதியிருக்க பாரு, நான் அந்த வரியதான் மொதல்ல பிடிச்சுக்கிட்டேன். உனக்கு எந்த முறை பொருந்தும்னு உன் ஷிப்ட் அட்டவணையே சொல்லிடுச்சு. எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படி.

பீரியடைசேஷன்னு பெருசா சொல்றாங்களே, நீ கேட்ட மூணும் அதோட வகைதான், அது என்னான்னா பயிற்சிய ஒரே மாதிரி வருஷம் முழுக்க போடாம, எவ்வளவு போடுறோம், எவ்வளவு கஷ்டமா போடுறோம்ங்கற ரெண்டையும் காலத்துக்கு ஏத்த மாதிரி ஏத்தி எறக்குறது, அவ்வளவுதான். இத பெருசா எழுதி வச்சவரு மாத்வெயேவ்னு சோவியத் நாட்டு ஆளு, 1960கள்ல. அவரு பாத்தது ஒலிம்பிக், நாட்டுப் போட்டின்னு வருஷத்துல ஒண்ணு ரெண்டு பெரிய நாள் இருக்கற ஆளுங்கள. அந்த நாள் வர்றப்போ உச்சத்துல இருக்கணும், அதனால மொதல்ல நெறைய, லேசா, அப்புறம் கொறச்சு, கனமா. இதத்தான் இப்ப லீனியர்னு சொல்றாங்க. அண்டுலேட்டிங்னா அலை மாதிரி, இன்னிக்கு கனம், நாளைக்கு லேசு, இல்லாட்டி இந்த வாரம் கனம், அடுத்த வாரம் எண்ணிக்கை. பிளாக்ங்கறது ஒரு மூணு நாலு வாரத்துக்கு ஒரே ஒரு குணத்த மட்டும் அழுத்திப் பிடிச்சு வளக்குறது, அது உச்சத்துக்கு ஏறி அங்க மாட்டிக்கிட்ட ஆளுங்களுக்கு, எட்டு மாசத்துல இருக்கற உனக்கு இப்ப அது வேணாம்.

லீனியர் பெருசா அண்டுலேட்டிங் பெருசான்னு சண்ட போடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2002-ல 20 ஆம்பளைங்கள வச்சு 12 வாரம் ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுல நாளுக்கு நாள் மாத்துன குழுவுக்குத்தான் பலம் கூட ஏறுச்சு, அண்டுலேட்டிங் பக்கம் பேசுறவங்க எல்லாரும் இன்னிக்கும் அதத்தான் காட்டுறாங்க. ஆனா 2015-ல பல ஆய்வுகள ஒண்ணா கொட்டி கணக்குப் பாத்தப்போ ரெண்டுக்கும் சொல்ற மாதிரி வித்தியாசம் வரல. அந்த 2002 ஆய்வுல அளந்தது பென்ச் பிரஸ்ஸும் லெக் பிரஸ்ஸும், கம்பியில தொங்கி அளக்கல. அதனால பேர வச்சு எதையும் தேர்ந்தெடுக்காத. உனக்குன்னு ஒரு நாள் குறிச்சு வச்சுருக்கா, உன் வாரம் ஒரே மாதிரி இருக்கா, நீ பண்றது சின்னச் சின்னதா எடை ஏத்தக்கூடிய வேலையா, இந்த மூணையும் பாரு.

மூணாவது விஷயத்துலதான் நம்ம மாதிரி உடம்ப வச்சு பண்றவங்க மாட்டிக்கிறோம். பார்பெல்லுல அந்தப் பக்கம் ஒண்ணேகால் கிலோ இந்தப் பக்கம் ஒண்ணேகால் கிலோ போட்டு நோவாம ஏறலாம். நமக்கு அப்படி கெடையாது. சாதாரண தண்டால்ல கைக்கு வர்றது உடம்பு எடையில சுமார் 64 சதவீதம்னு அளந்து பாத்துருக்காங்க. முட்டி போட்டா 49. கைய 30 சென்டிமீட்டர் உசரத்துல வச்சா 55, 60 சென்டிமீட்டர்ல வச்சா 41. கால 30 சென்டிமீட்டர் மேல ஏத்துனா 70, 60 சென்டிமீட்டர் ஏத்துனா 74. உன் 68 கிலோவுக்கு கணக்குப் போடு, முட்டி தண்டால்லேர்ந்து முழுத் தண்டாலுக்கு போறப்போ ஒரே எட்டுல பத்து கிலோ ஏறுது. புல் அப்ல ஏறக்கொறைய மொத்த உடம்பும் தொங்குது, எட்டுலேர்ந்து ஒம்போதுக்கு போறதுக்கு நடுவுல படி கெடையாது. வீட்டு மாடிப் படியில ஒண்ணு ஒரு ஜான், அடுத்தது இடுப்பு உசரம்னு கட்டி வச்சா எப்படி ஏறுவ, அந்த மாதிரி. நேர்கோடா வாராவாரம் ஏத்துறேன்னு லீனியர்ல போனவங்க இந்த எடத்துலதான் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க, சோம்பேறித்தனம்னு தன்னையே திட்டிக்கிறாங்க.

ஆக கேள்விக்கு நேரா வர்றேன். உனக்கு குறிச்ச நாள் இல்ல. உன் வாரம் ஒரே மாதிரி இல்ல. ஆனா மூணு வாரத்துக்கு ஒரு தடவ அப்படியே திரும்பி வருது. அப்ப திங்கக்கிழமை கனம் வெள்ளிக்கிழமை லேசுன்னு கிழமைய வச்சு போடுற திட்டம் உனக்கு ஒத்து வராது, ஏன்னா உன்னோட திங்கக்கிழமை மூணு தினுசு. அலைய கிழமையில மாட்டாம ஷிப்ட்ல மாட்டு. காலை ஷிப்ட் வாரம் கனமான வாரம், மத்தியான ஷிப்ட் வாரம் எண்ணிக்கை வாரம், நைட் ஷிப்ட் வாரம் லேசான வாரம். காசு குடுத்து கோச் வச்சுக்கிட்டு ஓடுறவங்க கூட மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ பாரத்த எறக்குவாங்க, டீலோட்னு பேரு. உன் முதலாளி அத உனக்கு ஏற்கனவே போட்டுக் குடுத்துட்டாரு, நீதான் அந்த வாரமும் கை விட்டுப்போற வரைக்கும் தொங்கி அத வீணாக்குற.

எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க. விடியறதுக்கு முன்னாடி போவாங்க, குளுமையில பால் நல்லா ஓடும்னு. ஒரு மரத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவாங்க, கூட காசு வேணும்னு தெனம் வெட்டுனா கொஞ்ச நாள்ல பட்டை காஞ்சு போயி பால் வராம நின்னுடும். கத்தி ஆழமா போனா அந்த எடத்துல புதுப் பட்டை மேடும் பள்ளமுமா வளரும், மறுபடி அங்க கத்திய வைக்க முடியாது. இலை கொட்டுற மாசத்துல பால் கொறையும், அப்ப மரத்த போட்டு வாட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. நீ தெனமும் 8, 6, 4 போடுறத படிச்சப்போ எனக்கு அந்த மரந்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஒரு நாளைக்கு 18, வாரத்துக்கு 126, மூணு வாரத்துக்கு 378 புல் அப் போடுற, அத்தனையும் களைப்புல. அதுல பாதிக்கு மேல பயிற்சின்னே சொல்ல முடியாது, தெனம் ஒரு பரீட்சை எழுதுற, பாடம் எப்ப படிப்ப?

இப்ப கணக்கு. உன் எடைய ரெப்போட, அதாவது ஒரே மூச்சுல எத்தன வருதோ அதோட, பெருக்கி 30-ஆல வகுத்து எடையோட கூட்டு, 68 பெருக்கல் 8 வகுத்தல் 30, சுமார் 18 வருது, ஆக ஒரே ஒரு தடவ நீ இழுக்கக்கூடியது கிட்டத்தட்ட 86 கிலோ. இது தோராயம்தான் ஆனா வேலைக்கு ஆகும். முதுகுப் பையில 5 கிலோ அரிசிப் பை ஒண்ணு வச்சேன்னா 73 கிலோ, அது உன் உச்சத்துல 85 சதவீதம், பலம் ஏத்துறதுக்கு இது நல்ல கனம்.

காலை ஷிப்ட் வாரம், மூணு நாள், வேலை முடிஞ்சு ஏதாச்சும் சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சு. பையோட 5 செட், செட்டுக்கு 3, நடுவுல மூணு நிமிஷம் முழுசா ஓய்வு, போன்ல நேரம் பாரு, மனசுல எண்ணாத. அப்புறம் பைய கழட்டிட்டு 5, 5 ரெண்டு செட். மத்தியான ஷிப்ட் வாரம், நாலு நாள், காலைல பசியாறி ஒரு ஒண்ணரை மணி நேரம் கழிச்சு, பை கெடையாது, 6 செட் 4 தடவ, மொத்தம் 24, ஓய்வு ரெண்டு நிமிஷம். நைட் ஷிப்ட் வாரம் ரெண்டே நாள், 3 செட் 4 தடவ, அதுவும் சாயங்காலம் தூங்கி எழுந்தப்புறம். விடிகாலைல வேலை முடிஞ்சு வர்ற வழியில அந்தக் கம்பிய பாத்தா கை அரிக்கும், எனக்குத் தெரியும், பனியில நனைஞ்சு வழுக்கும், துருவும் ஈரமும் சேந்து உள்ளங்கையில சிவப்பா ஒட்டும், குட் மார்னிங் துண்டு வச்சு தொடச்சாலும் ஒரு செட்டுக்குள்ள மறுபடி ஈரமாயிடும். வேணாம், நேரா வீட்டுக்குப் போயி திரைய மூடிட்டு தூங்கு, அந்த வாரத்துல தூக்கம்தான் உன் பயிற்சி.

கூட்டிப் பாரு, 75, 96, 24, மூணு வாரத்துக்கு மொத்தம் 195. முன்ன போட்டதுல பாதிக்கு கொஞ்சம் மேல. பயப்படாத. ஒவ்வொண்ணும் சுத்தமா இருக்கணும், கை முழுசா நீட்டி ஆரம்பிச்சு தாடை கம்பிக்கு மேல வரணும், கால உதைக்கக் கூடாது, இன்னும் ஒண்ணு ரெண்டு வரும்ங்கற நெலமையில எறங்கிடணும். கனமான வாரத்துல அஞ்சு செட்டும் சுத்தமா வந்துச்சுன்னா அடுத்த சுத்துல ஒண்ணரை லிட்டர் தண்ணி பாட்டில்ல பாதி ரொப்பி பையில போடு, முக்கா கிலோ ஆச்சு. வரலைன்னா அதே எடை, அவசரமே இல்ல. எண்ணிக்கை வாரம் 24, 27, 30-ன்னு சுத்துக்கு மூணு ஏத்து. தண்டால், பஸ்கி எல்லாத்தையும் இதே அலையிலயே போடு, கனமான வாரத்துல கால 60 சென்டிமீட்டர் மேல வச்சு தண்டாலும் ஒத்தக் கால் பஸ்கியும், மத்த வாரத்துல சாதாரணமா, அத விளக்கத் தேவயில்லன்னு நெனக்கிறேன்.

நாலு சுத்து, 12 வாரம், அது வரைக்கும் எத்தன வருதுன்னு டெஸ்ட் பண்ணவே பண்ணாத. பதிமூணாவது வாரம் காலை ஷிப்ட், புதன்கிழமை டெஸ்ட் பண்ணு. திங்கக்கிழமை வேணாம், நைட்லேர்ந்து காலைக்கு மாறி தூக்கம் சரியாக ரெண்டு நாள் ஆகும், அதுலயே ஒரு புல் அப் போயிடும்.

எல்லாத்தையும் எழுதி வை. கடையில கடன் எழுதுவாங்களே 555 புக்கு, அது ஒண்ணு வாங்கி கால்சட்டைப் பையிலயே வச்சுக்க. தேதி, ஷிப்ட், எத்தன மணி நேரம் தூங்கின, பையில எவ்வளவு, எத்தன வந்துச்சு, ஒரு வரிக்கு மேல வேணாம். ரெண்டு சுத்து எழுதினப்புறம் புரட்டிப் பாத்தேன்னா நான் சொன்னதுல எது உனக்கு சரியில்லன்னு நீயே கண்டுபிடிச்சு மாத்திடுவ. ஓவர்டைம் பண்ணி ரெண்டு ஷிப்ட் சேத்து நின்ன நாள்ல என்ன எழுதியிருந்தாலும் அத லேசான நாளா மாத்திக்க, திட்டம் கெட்டுப்போச்சுன்னு நெனக்காத.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன், இது எனக்கு நடந்தது. முப்பது வயசுல மஸில் அப், அதாவது புல் அப்லேர்ந்து அப்படியே கம்பிக்கு மேல ஏறி கைய ஊனி நிக்கிறது, போட்டே ஆகணும்னு ஆறு வாரம் தெனமும் முயற்சி பண்ணேன், சதைக்கு பலம் வந்துடுச்சு, ஆனா முழங்கை உள்பக்கத்து தசைநாண் தாங்கல. தேங்காப்பால் புழிய முடியல, கதவுப் பிடிய திருப்புனா சுள்ளுன்னு இழுக்கும், அஞ்சு மாசம். சதை வேகமா வளரும், தசைநாண் மெதுவாத்தான் வரும். அதனால உனக்கு அடுத்து ஃப்ரண்ட் லீவர் (கம்பியில தொங்கி உடம்ப தரைக்கு மட்டமா நீட்டிப் பிடிக்கிறது) மாதிரி அப்படியே நிக்கிற வேலை மேல ஆச வந்துச்சுன்னா அதுக்கு அலையெல்லாம் வேணாம், ஒரே நெலய பிடிச்சுக்கிட்டு நாலு அஞ்சு வாரம் அங்கயே இரு. கால மடக்கி 12 வினாடி தாங்குவேன்னா 6, 7 வினாடியா பிரிச்சு மொத்தம் 40, 50 வினாடி, அது சும்மா நிக்கிற மாதிரி லேசானப்புறம்தான் காலக் கொஞ்சம் நீட்டணும். இடையில முழங்கை முணுமுணுத்துச்சுன்னா காது குடு.

கேள்வி: சார், நான் படிவம் 4 படிக்கிறேன். என்னால ஒரு புல் அப் கூட முடியல. பொண்ணுங்களுக்கு வராதுன்னு எங்க வகுப்புப் பசங்க சொல்றாங்க. எனக்கு எந்த பீரியடைசேஷன் நல்லது?
மாணவி, கோல கங்சார்

பதில்: தங்கச்சி, வரும். பொம்பளைங்களுக்கு மேல்கையில சதை கொறச்சலா இருக்கறதால கூட நாள் எடுக்கும், அவ்வளவுதான், வராதுங்கறது பொய். உனக்கு இப்ப எந்த பீரியடைசேஷனும் தேவயில்ல, மேல எழுதுனத எல்லாம் ஒரு வருஷத்துக்கு மறந்துடு. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எதப் போட்டாலும் ஏறும், அந்த நேரத்துல வாரத்துக்கு ஒரு திட்டம் மாத்துறதுதான் கெடுதல்.

வாரத்துக்கு மூணு நாள், எட்டு வாரம், மாத்தாம இத பண்ணு. நாற்காலி மேல ஏறி தாடை கம்பிக்கு மேல இருக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு, கால எடுத்துட்டு, அஞ்சு வினாடி எண்ணி மெதுவா எறங்கு, இத நெகட்டிவ்னு சொல்லுவாங்க, 4 செட் 3 தடவ. அப்புறம் இடுப்பு உசரக் கம்பிக்கு அடியில படுத்த மாதிரி தொங்கி நெஞ்ச கம்பிக்கு இழு, 3 செட் 8. எறங்குறது அஞ்சு வினாடியிலேர்ந்து எட்டாச்சுன்னா, இழுக்கறதும் எட்டுலேர்ந்து பத்தாகட்டும். கடைசியா கைய நீட்டி சும்மா தொங்கு, 20 வினாடி. நாற்காலிய யாராச்சும் பிடிச்சுக்கணும், அத மறக்காத, அந்த வழுவழு பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்டுத் தரையில நகரும். பசங்களுக்கு இப்ப பதில் சொல்லாத, போயி பயிற்சி பண்ணு.

கேள்வி: அண்ணே, வர்ற தைப்பூசத்துக்கு முதல் தடவயா காவடி எடுக்க நேர்ந்திருக்கேன். வயசு 22. 48 நாள் விரதம், சைவம். இன்னும் மூணு மாசம் இருக்கு. வீட்டுல தண்டால் பஸ்கி போடுறேன். விரதத்துல பயிற்சி பண்ணலாமா, பலம் போயிடுமா?
பக்தன், தாப்பா

பதில்: தம்பி, இது நேர்த்திக்கடன், போட்டி கெடையாது, அதனால முதல் வார்த்த உன் குருசாமியோடது, என்னோடது அதுக்கப்புறம்தான். உடம்பு விஷயத்துல நான் சொல்லக்கூடியது இதுதான்: மேல ஷிப்ட்காரத் தம்பிகிட்ட இல்லாதது உன்கிட்ட இருக்கு, குறிச்ச நாள். மாத்வெயேவ் சொன்ன அந்த நேர்கோட்டு முறை உன்ன மாதிரி ஆளுக்குத்தான், நெறைய லேசுலேர்ந்து கொஞ்சம் கனத்துக்கு வந்து கடைசியில எறக்கி புத்துணர்ச்சியா போயி நிக்கிறது.

12 வாரம்னா 84 நாள், அதுல விரதம் 48, ஆக விரதத்துக்கு முன்னாடி உனக்கு அஞ்சு வாரம் முழுசா இருக்கு. அந்த அஞ்சு வாரத்துல எண்ணிக்கைய ஏத்து, பஸ்கி 4 செட் 20, படியில ஏறி எறங்குறது, ஒரு மணி நேர நடை. பத்துமலைக்குப் போறேன்னா அங்க 272 படி, சாதாரணமா ஏறுறதே மூச்சு வாங்கும், தோள்ல பாரத்தோட வெறுங்காலோட ஏறணும்னா தொடையும் கெண்டைக்காலும் அதுக்குப் பழகியிருக்கணும், அதனால வாரத்துக்கு ரெண்டு நாள் எங்கயாச்சும் படி கண்டுபிடி, அடுக்குமாடி இருந்தா கூட போதும். விரதம் ஆரம்பிச்சப்புறம் எண்ணிக்கைய பாதியாக்கி கனத்த கொஞ்சம் ஏத்து, தோள்ல அரிசிப் பைய வச்சு படி ஏறு, 4 செட் 8, பாரத்தோட இருபது நிமிஷ நடை, அத முப்பது நிமிஷமாக்கு. ஒரு வேளைதான் சாப்பாடுன்னா கனத்தையும் ஏத்தாத, வந்தத காப்பாத்துனா போதும். கடைசி பத்து நாள் எல்லாத்தையும் பாதிக்குப் பாதியாக்கு, தூக்கமும் நடையும்தான் முக்கியம். அந்த பத்து நாள்ல புதுசா பலம் எதுவும் ஏறாது, களைப்பு மட்டும் எறங்கும், அதுதான் வேணும்.

சைவத்துல பலம் போகாது, புரதம் கொறஞ்சாத்தான் போகும். கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கு வச்சுக்க, 65 கிலோன்னா 104 கிராம். 100 கிராம் தெம்பேல (புளிக்க வச்ச சோயா) சுமார் 19, 20 கிராம் இருக்கு, அது நம்ம ஊரு பாசார்ல மலிவா கெடைக்கற நல்ல சாமான். தவு (டோஃபு), பருப்பு, கொண்டக்கடல, பால், தயிர், இதையெல்லாம் ஒவ்வொரு வேளைக்கும் பிரிச்சுப் போடு. வெறுங்கால் நடைய விரதம் ஆரம்பிக்கறப்பவே காலைல பத்து நிமிஷம்னு ஆரம்பிச்சுடு, அன்னிக்கு சுடுற தார் ரோட்டுல மொதல் தடவயா கால் வைக்கக் கூடாது.

கேள்வி: அண்ணே, என் வீட்டுக்காரரு செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுறாரு, 34 வயசு. உடம்ப ஏத்தணும்னு ராத்திரி வந்து தெனம் நூறு தண்டால் போடுறாரு. இப்ப வலது தோள் வலிக்குதுங்கறாரு, நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு.
வாசகி, சிலிம் ரிவர்

பதில்: தங்கச்சி, அவரு கேக்கறாரோ இல்லையோ இத அவருக்கு வாசிச்சுக் காட்டு. நீளக் கம்புல அருவாள மாட்டி அண்ணாந்து நாள் முழுக்க இழுக்கிறாரு, வெட்டி விழுற குலை பத்து கிலோவும் இருக்கும் இருபது கிலோவும் இருக்கும், அத தூக்கி ஏத்துறாரு. அது வேலை மட்டும் இல்ல தங்கச்சி, அதுவே பயிற்சிக் கணக்குல சேரணும். ஜிம்முக்குப் போற யாரும் ஒரு நாளைக்கு அவ்வளவு இழுக்க மாட்டாங்க. அதுக்கு மேல நூறு தண்டால்னா தோளுக்கு ஆறுறதுக்கு நேரமே கெடையாது.

செம்பனைக்கே ஒரு அலை இருக்கு, அவருக்கு என்ன விட நல்லா தெரியும். செப்டம்பர், அக்டோபர் பக்கம் காய் கொட்டும், பிப்ரவரி பக்கம் கொறையும். காய் கூட இருக்கற மாசங்கள்ல வாரத்துக்கு ரெண்டே நாள், ரெண்டு செட் போதும். காய் கொறஞ்ச மாசங்கள்ல மூணு நாளாக்கி நல்லா போடலாம். வேலையில அவருக்கு இழுக்கறது ஏற்கனவே நெறைய, தண்டால் தள்ளுற வேலை, அதனால அத ஒரேயடியா நிறுத்த வேணாம், காய் கொறஞ்ச மாசத்துல நூற முப்பதாக்கி மூணு செட்டா பிரிச்சு மெதுவா போடச் சொல்லு. அதோட ஒரு ரப்பர் பட்டைய தூண்ல கட்டி, முழங்கைய விலாவோட ஒட்டி வச்சு முன்கைய வெளிப்பக்கமா திருப்புறது, ரெண்டு செட் 15, தோளுக்குள்ள இருக்கற சின்னச் சதைங்களுக்கு அது.

இது எல்லாம் வலி கொறஞ்சப்புறம். இப்போதைக்கு ரெண்டு வாரம் தண்டாலே வேணாம். ரெண்டு வாரத்துக்கு மேலயும் வலிச்சா, இல்ல கைய மேல தூக்குறப்போ பாதியில பலம் விட்டுப்போச்சுன்னா, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா ராத்திரி முழிப்பு வந்துச்சுன்னா, காத்திருக்க வேணாம், கிளினிக்குல காட்டச் சொல்லு, என்ன வேலை பாக்குறாருன்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், கம்ப எப்படி பிடிச்சு இழுக்குறாருன்னு எழுந்து நின்னு காட்டுனாக்கூட நல்லதுதான்.